நிந்தையைச் சுமக்கிற புருஷன்

(குடும்பத் தலைவர்களுக்கான வேதபாடம்)

தியானப் பகுதி: ஆதியாகமம் 25:19-26, ஆதியாகமம் 30:1-2, 1 சாமுவேல் 1:1-8, உபாகமம் 7:14



இந்த மாதம் கொஞ்சம் கூச்சமான ஒரு காரியத்தை எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவினார். நான் பல நாள் தள்ளிப்போட்டேன். சகோதரிகளுக்குப் புத்தி சொல்லும் பாடம் என்றால் ஒரே ராத்திரியில் எழுதி முடித்திருப்பேன். இது சகோதரர்களுக்கு. அதிலும் முதலாவது எனக்கு. ஆகையால் பேனா ஓடவில்லை. ஆனாலும் நம் வீடுகளில் எத்தனையோ சகோதரிகள் தலையணையை நனைக்கிறார்கள். அவர்களுக்காக எழுதித்தான் ஆகவேண்டும்.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகட்டும், நம் ஊரில் ஒரு கேள்வி ஆரம்பித்துவிடும். "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" சபை வாசலில் கேட்பாங்க, பஸ்ஸில் கேட்பாங்க, சாவு வீட்டிலும் கேட்பாங்க. யாரிடம் கேட்கிறார்கள் என்று கவனித்தீர்களா? மனைவியிடம்தான். புருஷனைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

1. ஒரு வார்த்தை மட்டும் ஏன் வழக்கத்தில் இருக்கிறது?

'மலடி' என்கிற வார்த்தை நம் எல்லாருக்கும் தெரியும். தெருச் சண்டையிலும் வரும், சினிமாவிலும் வரும். 'மலடன்' என்றும் தமிழில் ஒரு வார்த்தை உண்டு. அகராதியில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆயுசில் எத்தனை தரம் அதைக் காதால் கேட்டீர்கள்? யோசித்துப் பாருங்கள்.

வேதம் அப்படி ஓரவஞ்சனை செய்கிறதில்லை. உபாகமம் 7:14-ஐ எடுத்து வாசியுங்கள். கீழ்ப்படிகிற ஜனத்துக்குக் கர்த்தர் ஆசீர்வாதத்தைச் சொல்லும்போது, மலட்டுத்தன்மை ஆணிடத்திலும் இராது, பெண்ணிடத்திலும் இராது என்கிறார். ஆணை முதலாவது சொல்லுகிறார்! அப்படியானால் அந்தக் குறை ஆணிடத்திலும் இருக்கக்கூடும் என்று மோசேயின் நாளிலேயே எழுதியிருக்கிறது. ஆதியாகமம் 20:17-ஐயும் பாருங்கள். ஆபிரகாம் ஜெபித்தபோது தேவன் யாரைக் குணமாக்கினார்? அபிமெலேக்கையும், அவன் மனைவியையும், அவன் வேலைக்காரிகளையும். அங்கேயும் புருஷன் பெயர்தான் முதலாவது வருகிறது.

ரூத்தின் சரித்திரத்தில் மக்லோன் என்கிறவனோடு அவள் வாழ்ந்தாள், பிள்ளை இருந்ததாக எழுதப்படவில்லை. பிற்பாடு போவாஸ் அவளை விவாகம்பண்ணினபோது ஓபேத் பிறந்தான். முந்தின வீட்டில் குறை யாரிடத்தில் என்று வேதம் சொல்லவில்லை, நாமும் சொல்லவேண்டாம். ஆனால் ரூத் நம் தெருவில் வாழ்ந்திருந்தால், மக்லோன் உயிரோடிருந்த நாளெல்லாம் அவளை என்ன பேர் சொல்லி அழைத்திருப்பார்கள்?

இன்றைய வைத்தியமும் வேதத்தோடு ஒத்துப்போகிறது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஆணிடத்திலும் காரணம் இருக்கிறது. அவனிடத்தில் மட்டும் இருக்கலாம், மனைவியின் குறையோடு சேர்ந்தும் இருக்கலாம். உலகத்தில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பாதையில் நடக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டின் சாபம் அல்ல.

2. என் சாட்சி

நான் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணுகிறவன், வாரநாட்களில் மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்துகிறவன். ஒருவர் பம்ப்செட் மோட்டாரைக் கொண்டுவந்து, "ஓட மாட்டேங்குது அண்ணாச்சி" என்றால் நான் உடனே காயிலை அறுக்கமாட்டேன். வீட்டில் கரண்ட் சரியாக வருகிறதா, கண்டென்சர் நன்றாக இருக்கிறதா என்று கேட்பேன். மெக்கர் வைத்துப் பார்ப்பேன். பார்க்காமல் தீர்ப்பு சொன்னால் தொழிலுக்குத் துரோகம்.

கடையில் இவ்வளவு நியாயம் தெரிந்தவன், வீட்டில் அநியாயம் பண்ணினேன்.

எங்களுக்கு 2004-ல் விவாகம் நடந்தது. மூன்று வருஷம் பிள்ளை இல்லை. என் மனைவிக்கு ஸ்கேன் எடுத்தோம், இரத்தம் எடுத்தோம், கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தோம். அந்த எக்ஸ்ரே அன்றைக்கு அவள் வலியில் என் கையைப் பிடித்தது இப்போதும் நினைவிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா 2007-ல் எனக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார்கள். விந்துப் பரிசோதனை. நான் அந்தச் சீட்டை மடித்து என் வேதாகமத்தில் வைத்துக்கொண்டேன். எங்கே வைத்தேன் தெரியுமா? நீதிமொழிகளில்! மூன்று வருஷம் அது அங்கேயே கிடந்தது. நான் அந்த வேதாகமத்தைத் திறந்துதான் பிரசங்கம் பண்ணினேன்.

ஏன் போகவில்லை? பயம். "உனக்குத்தான் குறை" என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டால் நான் ஆம்பளையே இல்லை என்று நினைத்தேன். கன்வென்ஷன் தோறும், "கர்ப்பத்தின் கனி இல்லாத சகோதரிகள் முன்னே வாருங்கள்" என்று ஊழியக்காரர் அழைப்பார். என் மனைவி எழுந்து போவாள். நான் தபேலா வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் நடந்துபோகும்போது எல்லார் கண்ணும் அவள்மேல். என் மேல் ஒரு கண்ணும் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மை.

2010-ல் என் தம்பி மனைவி கர்ப்பவதியானாள். நாங்கள் விசுவாசிகள், வளைகாப்பு என்று சொல்லமாட்டோம். 'ஏழாம் மாத ஸ்தோத்திர ஜெபம்' என்று பெயர் வைத்தோம். பெயர்தான் மாறியது, பழக்கம் மாறவில்லை. நான்தான் ஜெபத்தை நடத்தினேன். அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து ஜெபிக்க எல்லாச் சகோதரிகளும் வந்தார்கள். என் மனைவியும் கையை நீட்டினாள். அப்போது எங்கள் சொந்தத்தில் மூத்த ஒரு தாயார், "நீ அடுப்பைப் பாரும்மா, பிள்ளை பெத்தவங்க கை வைக்கட்டும்" என்றார்கள்.

நீட்டின கையை அவள் மடக்கிக்கொண்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஜெபிப்போம்" என்றேன்.

அன்று ராத்திரி அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது வசனம் சொல்லியிருப்பேன். பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டாள். பிரியமானவர்களே, எத்தனையோ எழுப்புதல் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரவில் உணர்த்தப்பட்டதுபோல நான் ஒருநாளும் உணர்த்தப்பட்டதில்லை.

3. மூன்று புருஷர்கள்

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் வேதத்தைத் திறந்தேன். மூன்று பேரைக் கர்த்தர் காட்டினார்.

(அ) கோபித்த யாக்கோபு (ஆதி. 30:1-2): ராகேல் பிள்ளையில்லாமல் துடிக்கிறாள். யாக்கோபு அவள்மேல் எரிந்து விழுகிறான். தேவன் அடைத்ததற்கு நானா பொறுப்பு என்கிற தோரணையில் பேசுகிறான். வேத சாஸ்திரம் சரி. ஆனால் சரியான உபதேசத்தையே மனைவியை அடிக்கிற கோலாக எடுத்தான். நம்மிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. "கர்த்தருடைய வேளைக்குக் காத்திரு" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, டாக்டர் சீட்டை ஒளித்துவைக்கிறவர்கள்.

(ஆ) அன்பு இருந்தும் வாய் திறவாத எல்க்கானா (1 சாமு. 1:4-8): இவன் நல்லவன். அன்னாளைச் சிநேகித்தான், அதிகப் பங்கு கொடுத்தான். பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேலல்லவா என்று கேட்டுத் தேற்றினான். ஆனால் பெனின்னாள் வருஷா வருஷம் அவளைப் புண்படுத்தினாளே, அவளை ஒரு வார்த்தை கண்டித்ததாக எழுதியிருக்கிறதா? இல்லை. அறைக்குள்ளே அன்பு, கூடத்திலே மவுனம். நான் இந்த எல்க்கானாவாக இருந்தேன். புடவை வாங்கிக் கொடுப்பேன், மல்லிகைப்பூ வாங்கமாட்டேன், அல்வா வாங்கிக் கொடுப்பேன். சொந்தக்காரர் முன்னால் மட்டும் ஊமை.

(இ) ஜெபித்த ஈசாக்கு (ஆதி. 25:20-26): நாற்பது வயதில் விவாகம் செய்தான். பிள்ளைகள் பிறக்கும்போது அறுபது வயது. இருபது வருஷம்! அவன் தகப்பன் வீட்டில் வேலைக்காரியைக் கொண்டு சந்ததி உண்டாக்கின உதாரணம் கண்முன்னே இருந்தது. இவன் அந்த வழிக்குப் போகவில்லை. மனைவிக்காக இவனே கர்த்தரை வேண்டிக்கொண்டான். வாக்குத்தத்தம் இவனுடைய வம்சத்தைப் பற்றியது, ஆகவே குறையும் என் குறை என்று எடுத்துக்கொண்டான். "நீ போய் ஜெபம் பண்ணிட்டு வா" என்று ரெபெக்காளை அனுப்பவில்லை.

நம் ஆண்டவரையும் பாருங்கள். மணவாட்டியின் நிந்தையைத் தூரத்தில் நின்று அனுதாபத்தோடு பார்த்தாரா? தம்மேல் ஏற்றுக்கொண்டு பாளயத்துக்குப் புறம்பே போனார் (எபி. 13:12-13). கிறிஸ்து சபையில் அன்புகூர்ந்ததுபோல மனைவியில் அன்புகூருங்கள் என்று எபேசியர் 5:25 சொல்லுவது இதைத்தான். ஆண்மைக்கு வேதம் வைக்கிற அளவுகோல் இது.

4. லாட்ஜ் வைத்தியரும் இரண்டு குறைகளும்

இங்கே ஒரு எச்சரிப்பு. சத்துரு ஆம்பளையின் வெட்கத்தை வைத்து வியாபாரம் பண்ணுகிறான். "மாதத்தில் இரண்டாவது செவ்வாய் இந்த ஊர், இந்த லாட்ஜ், அறை எண் இது" என்று சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். இப்போது அதே ஆட்கள் செல்போனுக்குள்ளும் வந்துவிட்டார்கள். நானும் போயிருக்கிறேன். டாக்டரம்மா சொன்ன சின்னப் பரிசோதனைக்குப் போகாதவன், யாருக்கும் தெரியாமல் லாட்ஜ் படியேறி 6,000 ரூபாய் கொடுத்து லேகியம் வாங்கினேன். அந்த மாதம் கடை வாடகை நின்றுபோயிற்று.

தாம்பத்திய சக்தியைப் பெருக்கும் என்று சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்து மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடைசெய்கிறது. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் சுவரொட்டி நிற்கவில்லை. காரணம், வாங்குகிறவன் வெளியே சொல்லமாட்டான்.

சகோதரரே, இரண்டு வேறு காரியங்களை ஒரே பெயரில் குழப்புகிறார்கள். தாம்பத்திய உறவில் இயலாமை ஒன்று. உறவில் குறை இல்லாமலே விந்தில் அணுக்கள் குறைந்திருப்பது வேறொன்று. திடகாத்திரமான ஆளுக்கும் அணுக்கள் குறைவாக இருக்கலாம். விதைப்பை இரத்தக்குழாய் புடைத்திருந்தாலும், வயது வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விதையைத் தாக்கியிருந்தாலும், புகை, குடி, அதிக உஷ்ணத்தில் வேலை இவைகளாலும் அப்படி ஆகலாம். இதற்கும் மீசைக்கும் சம்பந்தமில்லை! அணு உற்பத்தியாக ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். ஆகையால் ஒரே பரிசோதனையில் தீர்ப்பு சொல்லாமல், சில வாரம் கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள். இயலாமை என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், மனக்கலக்கம் இவைகளும் காரணமாயிருக்கும், வைத்தியமும் உண்டு.

நமது சபை வாலிபன் ஒருவன், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ராத்திரி என் கடைக்கு வந்து அழுதான். அவன் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். வாலிபப் பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி, கல்யாணம் பண்ணினால் அவமானப்படுவாய் என்று ஒரு லாட்ஜ் வைத்தியர் பயமுறுத்தி 18,000 ரூபாய் வாங்கிவிட்டார். ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு இரத்தம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அது உண்மையல்ல. நம் நாட்டு ஆண்களிடத்தில் பரவியிருக்கிற இந்தப் பயத்துக்கே 'தாது நோய்க்குறி' என்று விக் என்கிற இந்திய மனநல மருத்துவர் 1960-ல் பெயர் கொடுத்தார். பாவம் என்று உணர்த்தப்பட்டால் ஆண்டவரிடம் அறிக்கையிடு, அவர் மன்னிக்கிறவர். ஆனால் மன்னிக்கப்பட்ட காரியத்துக்கு லாட்ஜில் பணம் கட்டாதே! அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சிரித்து அனுப்பினார். இன்று நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறான்.

5. கல்யாணம் மருந்து அல்ல

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன் குடிக்கிறானா, "கால்கட்டு போட்டா திருந்திடுவான்." மனநோய் இருக்கிறதா, "கல்யாணமானா தெளிஞ்சிடும்." ஒரு பையன் தாயின் மடியில் விழுந்து, "எனக்குப் பெண் மேல் நாட்டமே இல்லைம்மா, என்னை விட்டுடுங்க" என்று அழுதாலும், "ஊர் என்ன சொல்லும்?" என்று தேதி குறித்துவிடுகிறார்கள். பெண் வீட்டாரிடத்தில் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கு 'ராசியில்லாதவள்' என்று பெயர்.

யாரோ பெற்று வளர்த்த பிள்ளையை உங்கள் மகனுக்கு மாத்திரையாக வாங்காதீர்கள். மறைத்துச் செய்கிற கல்யாணம் பொய்ச்சாட்சி. கர்த்தர் எரேமியாவை விவாகம் செய்யவேண்டாம் என்றார் (எரே. 16:2). பவுல் தனியாயிருந்து ஊழியம் செய்தார். பிறப்பிலேயே விவாகத்துக்கு ஏற்காதவர்களும் உண்டு என்று ஆண்டவரே ஒத்துக்கொண்டார் (மத். 19:12). பிள்ளையில்லாத அண்ணகனுக்கு, குமாரரைக்காட்டிலும் மேலான நாமத்தைத் தம்முடைய ஆலயத்தில் தருவேன் என்று ஏசாயா 56:3-5-ல் வாக்குக் கொடுத்தார். தேவனுடைய வீட்டில் அவ்வளவு இடம் இருக்கும்போது, நம் வீட்டில் ஏன் இடமில்லை?

6. முடிவு என்ன?

மூன்று வருஷம் கழித்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தரம் பரிசோதித்தார்கள். அணுக்களின் எண்ணிக்கையும் குறைவு, ஓட்டமும் குறைவு. குறை என்னிடத்தில்.

அன்று சாயங்காலம் அம்மா, தம்பி, தம்பி மனைவி எல்லாரும் இருக்கையில், ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தேன். "அம்மா, இத்தனை வருஷம் இவளைப் பேசினது எல்லாம் என்னைப் பேசியிருக்க வேண்டியது. குறை எனக்கு. அது தெரிஞ்சிடுமோன்னு நான்தான் ஒளிஞ்சுக்கிட்டேன். இனிமேல் யார் கேட்டாலும் என்கிட்ட கேட்கச் சொல்லுங்க" என்றேன். கால் நடுங்கியது. அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் மனைவியைக் கூப்பிட்டு, திண்ணையில் உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நான் கதவோரத்தில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

வைத்தியம் பார்த்தோம். உபவாசித்தோம். பிள்ளை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த ஜெபத்துக்கு ஆண்டவர் அப்படிப் பதில் கொடுக்கவில்லை. இதை மறைத்து, இனிப்பாக முடித்து எழுத எனக்கு அனுமதியில்லை. நம் தேவன் அற்புதம் செய்கிறவர் என்று இன்றும் விசுவாசிக்கிறேன், பிள்ளையில்லாத தம்பதிகளுக்காக இன்றும் கை வைத்து ஜெபிக்கிறேன். சிலருக்குப் பிள்ளை கிடைத்தது, அவர்களோடு சந்தோஷப்படுகிறோம். எங்கள் வீட்டில் கிடைத்த அற்புதம் வேறு. என் மனைவி இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். யார் வீட்டு ஜெபத்திலும் முதலாவது கை வைக்கிறவள் அவள்தான்.

சபையிலும் ஒன்றை மாற்றினோம். "பிள்ளையில்லாத சகோதரிகள் முன்னே வாருங்கள்" என்று நான் இப்போது அழைப்பதில்லை. "தம்பதிகளாக வாருங்கள், புருஷன் முன்னே நடந்து வரட்டும்" என்கிறேன். முதல் தரம் அழைத்தபோது பதினொரு சகோதரிகள் எழுந்தார்கள், நான்கு புருஷர்தான் வந்தார்கள். ஒரு சகோதரர் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் சபைக்கே வரவில்லை. பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். மோட்டார் ஒன்றும் கொண்டுவரவில்லை. "பாஸ்டர், அந்த டெஸ்ட் எங்கே எடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார். நானே கூடப் போனேன்.

சிந்தித்துப் பார்க்க:

1. உன் மனைவியை உன் வீட்டார் குத்திப் பேசும்போது நீ எங்கே நிற்கிறாய்? யாக்கோபோடா, எல்க்கானாவோடா, ஈசாக்கோடா?

2. நீ மடித்து ஒளித்துவைத்திருக்கிற சீட்டு என்ன? அது எந்தப் புஸ்தகத்துக்குள் இருக்கிறது?

3. தாய்மாரே, உங்கள் வீட்டு விசேஷத்தில் யாருடைய கை மடக்கப்படுகிறது?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வெட்கத்தை மறைக்க எங்கள் மனைவிமாரை முன்னே நிறுத்தின பாவத்தை மன்னியும். உம்முடைய குமாரன் எங்கள் நிந்தையைச் சுமந்ததுபோல, நாங்களும் அவர்களுடைய நிந்தையைச் சுமக்கக் கிருபை தாரும். காத்திருக்கிற தம்பதிகளைக் கண்ணோக்கிப் பாரும். பிள்ளை கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், ஒருவர் கையை ஒருவர் விடாதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.